கரைக்குள் இருந்தவள்

கொற்றங்குடி,
18 மே 2025

அகழாய்வு அலுவலர் எழில்மொழி அவர்களுக்கு,

நாகநாதன் எழுதுவது. உங்கள் எண்ணை என் கைபேசியில் தடை செய்திருக்கிறேன். எப்படிச் செய்வது என்று மருமகள் பூர்ணிமா காட்டினாள். எப்படி நீக்குவது என்று நான் கேட்கவில்லை. அஞ்சல் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் கடிதத்தின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. இந்த ஊரில் அந்த நம்பிக்கை எனக்கும் தபால்காரர் அப்துல் வஹாபுக்கும் மட்டும்தான்.

சித்திரைத் தொடக்கத்தில் வாய்க்கால் தூர்வார வந்த பொக்லைன் என் வயலை ஒட்டிய கரையைக் கீறியது. உள்ளே ஒரு பழைய செங்கல் மடை. மடைக்குப் பக்கத்தில், உட்கார்ந்த நிலையில், ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. கழுத்தில் சூதுபவள மணிகள். துறை உங்களை அனுப்பியது. நம் ஊர்த் தெற்குத் தெரு வீரையன் மகள் அதிகாரியாக ஜீப்பில் வந்து இறங்கியதில் எனக்குப் பெருமைதான். தோண்டிய இடத்துக்குமேல் கொட்டகை போட மூங்கில் கொடுத்தவன் நான். இந்தக் கரை பிற்காலச் சோழர்களுக்கு ஆயிரம் வருடம் மூத்தது என்று நீங்கள் சொன்ன மறுநாளே எங்கள் மேலத் தெருவில் மரபு மீட்புக் குழு தொடங்கியாயிற்று. நான் தலைவர், இளையபெருமாள் செயலாளர். 'எங்கள் குலமுதல்வி கொற்றி நாச்சியார்' என்று ஃப்ளெக்ஸ் வைத்தோம். பெயர் என் கற்பனை. இத்தனை காலம் பெயரில்லாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு அதில் மறுப்பு இருக்காது என்று நினைத்தேன்.

சித்ரா பௌர்ணமி அன்று நீங்கள் தஞ்சாவூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தீர்கள். கொட்டகைச் சாவி என்னிடம் இருந்தது. பெண்கள் பால்குடத்தோடு வந்து நின்றார்கள். பாட்டிக்குப் பால் வார்ப்பது எந்தச் சட்டத்தில் குற்றம்? மஞ்சள் குங்குமம் இட்டது என் யோசனை அல்ல. நெற்றி எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், காட்டினேன். அவ்வளவுதான்.

இதற்காக மறுநாள் காலையே எலும்புகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். பெட்டியின் மேல் 'உடையும் பொருள்' என்று எழுதியிருந்ததை ஊரே பார்த்தது. எங்கள் பாட்டியைத் திருப்பி அனுப்பவும்.

கடைசியாக ஒன்று. உங்களை 'நீங்கள்' என்று எழுதுவதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு வயதிலிருந்து 'நீ' என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். இது கோபம்.

நாகநாதன்


தஞ்சாவூர்,
25 மே 2025

மதிப்பிற்குரிய நாகநாதன் சார்,

பதிவுத் தபால் கிடைத்தது. தொடர்ந்து கோபமாகவே இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பால் விஷயம். பல் ஒன்றை எடுத்து மரபணு ஆய்வுக்கு அனுப்பியிருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பல்லின் வேர்வரை பால் இறங்கியிருக்கிறது. குடம் தூக்கி வந்த அத்தனை பேரின் வியர்வையும் சேர்ந்திருக்கிறது. மாதிரியில் பசுவின் கூறு அதிகம் என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அவள் யாருக்குப் பாட்டி என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பல். அதைப் பாசத்தால் கழுவிவிட்டீர்கள்.

இன்னொன்று. இதைக் கொட்டகையிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஃப்ளெக்ஸுக்கு நீங்கள் மாலை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் வந்தேன்.

அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளும் முதுகுக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. உட்கார்ந்தபடி செத்த யாருக்கும் கை தானாக அப்படிப் போகாது. கயிறு மக்கிவிட்டது, கட்டியது மக்கவில்லை. அவளைச் சுற்றி தனியாகக் குழி வெட்டிய தடமும் இல்லை. கரையை அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்கும் அவளைத் தொட்டுக்கொண்டு போகிறது. முதலில் கால், பிறகு மடி, பிறகு மார்பு. கரை எழும்பும்போது அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் நினைப்பது போல அது சமாதி அல்ல, சார். கட்டுமான வேலை.

எழில்மொழி


கொற்றங்குடி,
3 ஜூன் 2025

எழில்மொழி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் குழுக் கூட்டத்தில் வாசித்தேன். தலைவர் என்ற முறையில் வாசித்தேன். மனிதன் என்ற முறையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கலாம்.

இளையபெருமாள் உடனே எழுந்தார். "கையக் கட்டியிருக்கா? அப்ப அது நம்ம வீட்டுப் பொம்பளையா இருக்காதுங்க. நம்ம வீட்டுப் பொம்பளைய யாரு கட்டுவா?"

டீ கொண்டுவந்த பூர்ணிமா தட்டை வைத்தபடியே, "கயித்தால கட்டுனாத்தான் கட்டா?" என்றாள்.

அது யார் காதிலும் விழவில்லை என்று அனைவரும் ஏகமனதாக நடந்துகொண்டோம். பிறகு, கிடைத்த எலும்புக்கூடு குலமுதல்வி அல்ல என்றும், தெற்குத் தெருவைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்றும் முடிவாயிற்று. அதைத் தெரிவிக்க என்னையே அனுப்பினார்கள். அங்கே செழியன் நின்றிருந்தான். கல்லூரியில் பாடம் நடத்துகிற பையன், குரல் பின்வரிசைவரை கேட்கும்.

"மணி போட்டிருந்தப்ப உங்க பாட்டி. கையக் கட்டியிருக்குன்னு தெரிஞ்சதும் எங்க பாட்டியா? பட்டா மாத்திக் குடுக்கிறீங்களா சார்?"

உங்கள் அம்மா காத்தாயி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், சிரிக்கிற இடத்தில் நின்றிருந்தால்.

ஆக, அவள் இப்போது யாருக்கும் சொந்தமில்லை. ஃப்ளெக்ஸ் இளையபெருமாளின் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது. 'எங்கள் குலமுதல்வி' என்ற எழுத்து மேலே தெரிகிறது. ஆடுகள் ஆட்சேபிக்கவில்லை.

இதையெல்லாம் சொல்ல எழுதவில்லை. நீங்கள் தோண்டிய இடத்தைப் பொக்லைன்காரர் மண் தள்ளி மூடிவிட்டுப் போனார். விடிந்து போய்ப் பார்த்தால் மண் உள்வாங்கியிருந்தது. ஆள் வைத்து நிரப்பினேன். மறுநாளும் உள்வாங்கியிருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு. அளந்து பார்க்கவில்லை. இறங்கி உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் தண்ணீர் வரும் நாளில் நம் ஊரில் நடப்பது உங்களுக்குத் தெரியும். கரைமேல் எங்கள் வீட்டு ஆள் நின்று "கரை நிக்குமா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். காய்ந்த வாய்க்காலுக்குள் உங்கள் வீட்டு ஆள் நின்று "நிக்கும், நான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். நான் கேட்டிருக்கிறேன், உங்கள் அப்பா சொல்லியிருக்கிறார். எங்கள் இருவருக்கும் காரணம் தெரியாது. தபாலைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது போல ஒரு நடைமுறை என்று நினைத்திருந்தேன்.

வீரையன் தை மாதம் போய்விட்டார். அவளும் இப்போது உள்ளே இல்லை. மேட்டூரைப் பன்னிரண்டாம் தேதி திறக்கிறார்கள். நாம் கடைமடை என்பதால் தண்ணீர் வந்துசேர மாதக் கடைசியாகும். கரை உடைந்தால் என் நாற்றங்கால் போகும், அது பெரிதல்ல. தெற்குத் தெருவே கரைக்குக் கீழேதான் இருக்கிறது. முதல் வீடு உங்கள் அம்மாவுடையது.

அவளைத் திருப்பிக் கொடுங்கள். பாட்டியாக வேண்டாம். இருந்த இடத்தில் வைத்துவிடுகிறேன். நான் பகுத்தறிவு உள்ளவன்தான். தண்ணீர் இல்லாத மாதங்களில்.

நாகநாதன்


தஞ்சாவூர்,
10 ஜூன் 2025

நாகநாதன் சார்,

தர மாட்டேன்.

அவளை முதலில் அங்கே வைத்தவர்களுக்கு ஏதாவது சமாதானம் இருந்திருக்கும். வெள்ளம், பயம், சாமி வந்து யாரோ சொன்ன வார்த்தை. நமக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே திருப்பி வைத்தால், அது இரண்டாம் தடவை வைப்பது. எலும்புதானே என்பீர்கள். அவளை வைத்தபோதும் பெண்தானே என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

என் அம்மா வீட்டை நினைவுபடுத்தியிருக்கிறீர்கள். அந்த வீட்டில்தான் பிறந்தேன், மறக்கவில்லை. நீங்கள் கேட்பதும் அதே கணக்குத்தான் என்று தெரிகிறதா? கீழே ஒரு தெரு, மேலே ஒரு பெண். எத்தனை பேருக்காக ஒருத்தி. அன்றைக்கும் இப்படித்தான் நியாயமாகப் பேசியிருப்பார்கள்.

இப்போது சொல்லப்போவதைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம்.

அவள் தாடைக்குள் இருந்த மண்ணை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். நெல் மக்கிவிடும். உமியில் மணல் போன்ற ஒரு சத்து இருக்கிறது, அது எத்தனை காலமானாலும் மக்காது. பாலும் அதை ஒன்றும் செய்யாது. வாய்க்குள் இருந்த மண் முழுக்க உமி. கழுத்தில் இல்லை, மடியில் இல்லை. சிந்தவில்லை, துப்பவில்லை.

வாய்க்கரிசி, சார். அன்றைக்கு அது அரிசியாக இல்லாமல் நெல்லாகவே இருந்திருக்கிறது. வாய்க்கரிசியை எதிரி போட மாட்டான், ஊரார் போட மாட்டார்கள். பெற்றவர்கள், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள்தான் போடுவார்கள். வரிசையில் நின்று, அழுதுகொண்டே போட்டிருப்பார்கள். உயிரோடு இருந்தவளுக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த மணிகளையும் அவர்களே கழுத்தில் கட்டி அனுப்பியிருப்பார்கள். போரில் பிடித்து வந்த யாரோ ஒருத்தியைப் புதைத்திருந்தால் நான் நிம்மதியாக அறிக்கை எழுதியிருப்பேன்.

தண்ணீர் வரும் நாளில் அப்பா சோறு சாப்பிட மாட்டார். கேட்டால் பல்வலி என்பார். வருடத்தில் ஒரு நாள் மட்டும் வரும் பல்வலி. 'நான் இருக்கேன்' என்று வாய்க்காலுக்குள் நின்று சொல்லும்போது யார் இருப்பதாக நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்டதே இல்லை.

இந்த வருடம் தெற்குத் தெருவிலிருந்து யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

எழில்மொழி


கொற்றங்குடி,
18 ஜூன் 2025

எழில்மொழி அவர்களுக்கு,

கல்லணையைத் திறந்துவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தை வாசிக்கவில்லை. அதாவது, கூட்டத்தில் வாசிக்கவில்லை. குழுவே இப்போது இல்லை. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது. கரை வழியாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் தார்ச்சாலை சுற்றிப் போகிறார்கள். கேட்டால், கரையில் நெருஞ்சி அதிகமாகிவிட்டது என்கிறார்கள்.

கரையைப் பார்க்கப் பொறியாளர் வந்தார். கான்கிரீட் போட வேண்டும், அடுத்த நிதியாண்டில் போடலாம் என்றார். கோயில் பூசாரி வந்தார். கடா வெட்ட வேண்டும், இந்த வெள்ளிக்கிழமையே வெட்டலாம் என்றார். இரண்டு பேரும் ஒரே அளவு உறுதியாகப் பேசினார்கள். நாள்கணக்கைப் பார்த்தால் பூசாரிதான் நடைமுறை அறிந்தவர். இளையபெருமாள் மண்ணில் பெண் உருவம் செய்து உள்ளே வைக்கலாம் என்றார். "கைய எப்படிங்க வைக்கிறது? முன்னாடியா, பின்னாடியா?" என்று என்னிடம் கேட்டார். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு ஒரு கோளாறு. சோற்றை வாயில் வைத்தால் நாக்கில் உமி குத்துகிறது. பூர்ணிமா குழம்பை மாற்றினாள், அரிசியை மாற்றினாள். சோறே வேண்டாம், இட்லி போதும் என்றேன். "இட்லி எதுல செய்யிறாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்க மாமா?" என்றாள். டாக்டர் சர்க்கரையாக இருக்கும் என்கிறார். காவிரிக் கடைமடையில் பிறந்து, நெல்லைத் தவிர வேறெதுவும் விளையாத நிலத்தை வைத்துக்கொண்டு, ஓட்ஸ் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வரிசையில் நின்று போட்டவர்கள் என் ஆட்களா, உங்கள் ஆட்களா? விஞ்ஞானத்தில் ஏதாவது வழி இருக்கும். உங்கள் ஆட்கள் என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அப்படி இல்லை.

கோபம் போய்விட்டது. 'நீங்கள்' மட்டும் தங்கிவிட்டது.

நாகநாதன்


தஞ்சாவூர்,
22 ஜூன் 2025

நாகநாதன் சார்,

வழி இல்லை. இருந்த வழியில் பாலை ஊற்றியாயிற்று. அன்றைக்கு இரண்டு தெருப் பெண்களும் ஒரே வரிசையில் நின்று ஊற்றினார்கள் என்று அம்மா சொன்னாள். நம் ஊரில் இரண்டு தெருவும் ஒரே வரிசையில் நின்றது அதுதான் முதல் தடவை என்று சொல்ல வந்தேன். முதல் தடவை இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது. இந்தக் கரை கட்டிய காலத்து வீட்டு மேடுகளை உங்கள் வயலுக்கு வடக்கே பார்த்தோம். எல்லா வீட்டிலும் ஒரே கருப்பு சிவப்புப் பானை ஓடு, ஒரே மாதிரித் தரை. மேலத் தெரு, தெற்குத் தெரு என்று பிரித்துக் காட்ட மண்ணில் எதுவும் இல்லை. அதெல்லாம் பிறகு வந்திருக்கிறது.

கரை உள்வாங்குவதற்குப் பேய் காரணமல்ல. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு உள்வாங்குகிறது, ஏனென்றால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குத்தான் நாங்கள் தோண்டினோம். பொக்லைன்காரர் மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார், மிதிக்கவில்லை. இத்துடன் கரையின் வெட்டுத்தோற்றத்தை வரைந்து அனுப்பியிருக்கிறேன். களிமண் ஒரு சாண், அதன்மேல் வைக்கோல் கலந்த மண் ஒரு சாண், ஒவ்வொரு அடுக்கையும் ஈரத்தோடு மிதித்து இறுக்கியிருக்கிறார்கள். அதே மாதிரி செய்யுங்கள். தெற்குத் தெருவில் கூப்பிட்டால் வருவார்கள். சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள், சடங்குக்குக் கூப்பிடாதீர்கள்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் தெரியும். நீங்களே பார்ப்பதற்குமுன் நான் சொல்லிவிடுகிறேன். கரை முழுக்க உறுதியாக இருக்கிறது. பழுது பார்த்த தடங்கள் ஒரே இடத்தில்தான். நான்கைந்து தடவை, வெவ்வேறு காலத்தில். அது அவள் இருந்த இடம். சதை மக்கியதும் உள்ளே வெற்றிடம் விழும், தண்ணீர் அதைத் தேடி வரும். அந்தக் கரையில் பலவீனமான இடம் அவள் ஒருத்திதான்.

அவள் என் அறையில் இரும்பு அலமாரியில் இருக்கிறாள். அலுவலக உதவியாளர் சைத்தூன் பீவி அந்தப் பக்கம் கூட்டுவதற்கு வரும்போது முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொள்கிறார். நான் படித்தவள், அப்படியெல்லாம் இல்லை. மாலையில் கிளம்பும்போது அலமாரியைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். ஒரு நாள் மறந்துவிட்டேன். பேருந்து நிலையத்திலிருந்து திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனேன்.

எழில்மொழி


கொற்றங்குடி,
3 ஜூலை 2025

எழில்மொழி அவர்களுக்கு,

தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அதற்கு முந்தைய வாரம் முழுக்க உங்கள் படத்தை வைத்துக்கொண்டு கரையைக் கட்டினோம். செழியன் படத்தைப் பார்த்துச் சொன்னான், தெற்குத் தெரு ஆட்கள் மண்ணைக் குழைத்தார்கள், மேலத் தெருவிலிருந்தும் சிலர் வந்தார்கள். மிதிக்கிற வேலை வந்தபோது யாரும் அந்த இடத்தில் கால் வைக்கவில்லை. நான் இறங்கினேன். பிறகு எல்லோரும் இறங்கினார்கள். ஒவ்வொரு அடுக்கும் ஏற ஏற, கால், மடி, மார்பு என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தை மறக்கிற வயது எனக்கு இன்னும் வரவில்லை என்பது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் முழுக்கக் கரைக்கு வந்துவிட்டது. தெற்குத் தெருக்காரர்கள் வாய்க்காலுக்குள் இறங்காமல் எதிர்க்கரையில் நின்றார்கள். தண்ணீர் நுரையும் சருகுமாக வளைவில் திரும்புவது தெரிந்தது. வழக்கப்படி நான் கேட்க வேண்டும்.

இளையபெருமாள் பக்கத்தில் வந்து, "கேளுங்க தலைவரே" என்றார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு எதிர்க்கரையைப் பார்த்துக் கத்தினார். "ஒருத்தராவது நிக்கும்னு சொல்லித் தொலைங்கடா! தண்ணி வருதுல்ல!"

"நீங்களே கேட்டு நீங்களே சொல்லிக்கிங்க" என்றான் செழியன்.

"வெள்ளாமை உனக்கும் சேத்துத்தான்டா போகும்!"

"போனா போவட்டும். இறங்கி நில்லுங்க, வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு."

நான் வாயைத் திறந்தேன். 'கரை' என்ற சொல்வரை வந்தது. யாரைக் கேட்கிறேன் என்று தெரிந்தபிறகு மீதி வரவில்லை. கேள்வி கேட்கப்படாமலே தண்ணீர் வந்து, மடையைத் தாண்டிப் போயிற்று.

கரை நின்றது.

அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கசிவுகூட இல்லை. ஒரு சின்ன மண்கட்டி சரிந்து தண்ணீரில் விழுந்தது, அதற்கு எல்லோரும் ஒரு அடி பின்னால் நகர்ந்தோம். வேறொன்றும் நடக்கவில்லை. யாரும் கை தட்டவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். இன்று ஐந்தாம் நாள். வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது, கரை நிற்கிறது.

உங்களிடம் மட்டும் சொல்லலாம். அது உடைய வேண்டும் என்று நான் காத்திருந்தேன். வேண்டிக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா வீடு கீழே இருப்பது தெரிந்தும். ஓரமாகக் கொஞ்சம் உடைந்திருந்தால்கூட, அவளை வைத்ததில் ஏதோ இருந்தது என்று ஆகியிருக்கும். சோறு இறங்கியிருக்கும்.

நேற்று காலை கரைக்குப் போனேன். உங்கள் அம்மா நாற்றங்காலுக்குப் போகும் வழியில் அங்கே நின்றிருந்தார்கள். நாங்கள் மிதித்து மூடிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கவில்லை.

"நின்னுடுச்சே சார்."

"நின்னுடுச்சு."

வாய்க்காலுக்குள் கை காட்டினார்கள். "எங்க வூட்டுக்காரரு வருசா வருசம் வந்து நின்னு, அன்னிக்குப் பட்டினி கெடப்பாரு. நீங்களும் மேல நின்னு கேப்பீங்க." அப்புறம் என் பக்கம் திரும்பினார்கள். "அவ இல்லாமலே நின்னிருக்கும்ல சார் இது? அன்னிக்கே?"

அவர்கள் குரலில் கோபம் இல்லை. பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். நான் குனிந்து வேட்டியில் ஒட்டிய நெருஞ்சியைத் தட்டினேன். அவர்கள் போகாமல் நின்றார்கள். மறுபடியும் கேட்டார்கள். மூன்றாம் தடவை கேட்கும்போது எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நின்னிருக்கும் காத்தாயி" என்றேன்.

நாகநாதன்